ஆகாத கையும் ஓர் எலுமிச்சம்பழமும்

"தப்பா நெனைக்காதீகக்கா. ஒங்க கை எனக்கு வேணாம்."

இப்படிச் சொல்லிவிட்டு முத்திருளன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிக்கொண்டான். நான் ரப்பர் பட்டையைப் பிடித்தபடி நின்றேன். பெண் பார்க்க வந்தவன் பஜ்ஜியைத் தின்றுவிட்டு வேண்டாம் என்று போனால்கூட அதற்கு ஒரு காரணம் இருக்கும். இவன் இரத்தம் கொடுக்க வந்தவன். என் கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறான்.

காளவாசல் சிக்னலிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் இரத்தப் பரிசோதனை லேப். கீழே அல்வாக் கடை. வெறும் வயிற்றில் வருகிறவர்கள் நெய் வாசனையை மோந்துகொண்டே படியேறுவார்கள். இரத்தம் கொடுத்துவிட்டு இறங்கியதும் நேராக அங்கேதான் போவார்கள். இரண்டு வியாபாரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்று எங்கள் முதலாளி சொல்வார்.

முத்திருளன் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கூட வந்திருந்தவள் அவன் மனைவி ஈஸ்வரி. அவனுடைய வலது காலில் துணி சுற்றியிருந்தது. அந்தத் துணியிலிருந்து வந்த வாடை அல்வா வாசனையையும் மீறி வந்தது. இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டால், மெஷின் சொல்வதற்கு முன்னால் சிலவற்றை மூக்கு சொல்லிவிடும்.

"எம்புட்டு நாளா இருக்கு இந்தப் புண்ணு?" என்று கேட்டேன்.

ஈஸ்வரிதான் பதில் சொன்னாள். "போன அமாவாசைக்கு முந்துன அமாவாசைல இருந்துக்கா. வண்டி மேல கண்ணு பட்டிருச்சுன்னு செதறுகாய் ஒடச்சாரு. செருப்பக் கழட்டிட்டு ஒடச்சதுல சில்லு கால்ல ஏறிருச்சு. ஏறுனதே தெரியலைங்கிறாரு."

கண் படாமல் இருக்க உடைத்த தேங்காய் காலில் பட்டிருக்கிறது. அது ஏறியதே தெரியவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. சர்க்கரை கூடிப்போன கால்தான் அப்படி மரத்துப்போகும். முத்திருளனோ, இதுவும் அதே கண்ணின் வேலை என்று உறுதியாக இருந்தான்.

கைக்கு வந்த பெயர்

என் கை ஏன் ஆகாது என்று அவனிடமே கேட்டேன். அவன் மரியாதையாகத்தான் சொன்னான்.

"நீங்க குத்துனா சுகர் வந்துருதுன்னு ஸ்டாண்டுல பேசிக்கிறாய்ங்கக்கா. கருப்பண்ணன் வந்தாரு, வந்துருச்சு. அவரு மச்சினன் வந்தான், அவனுக்கும் வந்துருச்சு. எங்களுக்கு டீ கொண்டுவர்றவரு சும்மா தொணைக்கு வந்தவரு. அவரையும் குத்திவிட்டீக."

இந்தப் பேச்சு என் காதுக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. படியேறி வருகிறவர்கள் என்னைக் கண்டதும், "மெகர் அக்கா இல்லையா?" என்று கேட்பார்கள். மெகருன்னிசா எங்கள் லேபின் இன்னொரு டெக்னீசியன். மதுரையின் பழைய தெரு ஒன்றில், பாத்திரக் கடைக்காரக் குடும்பத்துப் பெண். அவள் கை பட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது என்று கும்பிட்டுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். "அதெல்லாம் அல்லா குடுக்குற நசீபு" என்று அவளும் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உண்மை ரொம்பச் சாதாரணமானது. காலை டூட்டி எனக்கு. உடம்புக்கு முடியாமல் முதல்முறையாக டாக்டரைப் பார்த்தவர்கள், அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வெறும் வயிற்றில் வருவது காலையில்தான். மெகருக்கு மதியம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று மாதச் சராசரி பார்க்க அப்போது வருவார்கள். அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டியதில்லை. மாத்திரை வேலை செய்திருக்கும், சர்க்கரை இறங்கியிருக்கும். ஆக, கெட்ட சேதியெல்லாம் என் பக்கம், நல்ல சேதியெல்லாம் அவள் பக்கம்.

சகுனங்கள் எங்கே பிறக்கின்றன என்று யாராவது என்னிடம் கேட்டால் பல்லி, பூனை, ஆந்தை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஒரு டூட்டி அட்டவணை போதும்.

புளியமரத்துக்குப் பின்னால்

இதில் நான் இவ்வளவு கோபப்படுவதற்குக் காரணம் என் அப்பா.

மேலூரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். அப்பா சின்னையா, சொந்த நிலம் இல்லாத கூலி ஆள். ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் சந்தைக்கோ கோர்ட்டுக்கோ கிளம்பி வரும்போது எதிரே அப்பா வரக் கூடாது. வந்தால் சகுனம் சரியில்லை என்று அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். திரும்பிப் போனவரின் எரிச்சல் சாயங்காலம் கூலியில் தெரியும். அதனால் தூரத்தில் வெள்ளை வேட்டி தெரிந்ததுமே அப்பா கண்மாய்க்கரைப் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். தலையில் எருக்கூடை இருந்தால் கூடையோடு நிற்பார்.

நானும் அவரோடு நின்றிருக்கிறேன். ஒருநாள் கேட்டேன்.

"நாம எதிர போனா அவுகளுக்கு என்னப்பா ஆகும்?"

"போற காரியம் கெட்டுப்போகும்னு சொல்றாக."

"அவுக நமக்கு எதிர வந்தா?"

"வேலை சொல்லுவாக. அதவிடக் கெட்ட சகுனம் ஏது?"

அப்பாவுக்கு இப்படிப் பேசத் தெரியும். பேசிவிட்டு மரத்துக்குப் பின்னால் நிற்கவும் தெரியும். எனக்கு இரண்டாவது வரவே இல்லை.

ஆனால் விதைப்பு நாள் வந்துவிட்டால் கதை மாறிவிடும். அதே பெரிய வீட்டிலிருந்து பொழுது விடியும் முன்பே ஆள் வந்து எங்கள் வாசலில் நிற்பான். நாற்றங்காலில் முதல் விதை அப்பா கையால்தான் விழ வேண்டும். சின்னையா கை ராசியான கை என்று ஊரே சொல்லும். முகம் ஆகாது, கை ஆகும். எனக்கு அப்படியே தலைகீழாக அமைந்துவிட்டது. என் முகத்தைப் பற்றி இதுவரை புகார் வரவில்லை.

எதிரே வரக் கூடாதவர்கள் என்று பெரியவர்கள் சொல்லிவைத்த ஆட்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். விறகு சுமக்கிறவர், எண்ணெய்க் குடத்தோடு வருகிறவர், அழுக்குத் துணிமூட்டையோடு வருகிறவர். முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். சும்மா வருகிறவர்கள் அதில் குறைவு. யார் பாதையை விட்டு ஒதுங்க வேண்டும் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்குத் தோதாகச் சாஸ்திரத்தைப் பிறகு தேடியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சந்தனம் பூசிய மெஷின்

படித்தவர்கள் இதற்கெல்லாம் அப்பாற்பட்டவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் முதலாளி பெரிய படிப்புப் படித்தவர். எந்தச் சகுனத்துக்கும் அவரிடம் ஒரு விஞ்ஞானம் தயாராக இருக்கும். இரவில் நகம் வெட்டக் கூடாதா, அந்தக் காலத்தில் விளக்கு மங்கல். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாதா, பூமியின் காந்தம். வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவது ஏன் என்றால், அதைக் கட்டிய நூல் வழியாக வைட்டமின் காற்றில் கலக்கிறதாம். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் யாரோ அவருக்கு அனுப்புகிறார்கள். அவர் எங்களுக்கு அனுப்புகிறார்.

புது மெஷின் வந்தபோது இராகு காலம் முடியும்வரை ஸ்விட்சைப் போடவிடவில்லை. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் பூசினோம். டியூபில் ஒட்டிய பார்கோடைப் படிக்கும் கண்ணாடியிலும் யாரோ பக்தியோடு ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை முழுக்க மெஷின் ஒரு டியூபையும் படிக்கவில்லை. சர்வீஸ் ஆள் வந்து பொட்டை அழித்துவிட்டுப் போனார். "பாத்தீங்களா, பூஜை பண்ணினதால பெரிய ரிப்பேர் வராமத் தப்பிச்சோம்" என்றார் முதலாளி.

ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் மெஷின் தலையில் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பதை அவர் நிறுத்தவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழம்தான் இனி வரப் போகிறது.

பழம்

சட்டைக் கையை இறக்கிக்கொண்ட முத்திருளனை உட்காரவைத்து, காலை டூட்டி, மதிய டூட்டி விவரம் அத்தனையும் விளக்கினேன். நல்ல பிள்ளை. குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நீங்க சொல்றது அம்புட்டும் நெசந்தேன்க்கா. நல்லாப் புரியுது" என்றான். "மெகர் அக்கா எப்ப வருவாக?"

மெகர் தன் அண்ணனுடைய நிக்காஹுக்கு லீவு போட்டிருந்தாள்.

"அடுத்த வாரம்."

"அப்ப அடுத்த வாரம் வாரேன்."

"அடுத்த வாரம் நீ வருவ. ஒன் காலு வராது" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் அந்த வாடை என்னைப் பேசவைத்தது.

அவன் முகம் சுருங்கிப்போனது. ஈஸ்வரி அழ ஆரம்பித்தாள். அழுகையை விட அதில் ஆத்திரம்தான் அதிகம். "பிரேக்க மிதிக்கிற காலுக்கா அது. அந்தக் கால வச்சுத்தேன் எங்க வீட்டுல ஒல கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டா வெட்டிருவாய்ங்கன்னு வர மாட்டேங்குறாரு. இங்கயாச்சும் வாங்கன்னு கெஞ்சிக் கூட்டியாந்தேன்."

வெளியே அவன் ஆட்டோ நின்றது ஜன்னலில் தெரிந்தது. முன்னால் எலுமிச்சை மிளகாய்ச் சரம். பின்னால் ஒற்றைச் செருப்பு. கைப்பிடியில் கறுப்புக் கயிறு. கண்ணாடிக்கு மேலே மூன்று மதத்துச் சாமிகளும் வரிசையாக இருந்தார்கள். யாரையும் பகைத்துக்கொள்ளாத வண்டி. இவ்வளவு காவல் போட்ட ஒருவனிடம் டூட்டி அட்டவணையைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும். நானும் ஏறினேன்.

"தம்பி, புது வண்டி எடுத்தன்னைக்கு என்ன பண்ணுன?"

"சக்கரத்துக்கு அடில பழம் வச்சு ஏத்துனேன்."

"எதுக்கு?"

"வண்டி மேல இருக்குற தோசம் அம்புட்டும் பழத்துக்குப் போயிரும்லக்கா."

"ஊசிக்கும் அதேதேன்" என்றேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. "என் கை ஆகாத கைதேன். எனக்கே தெரியும். அதுக்கு ஒரு வழி இருக்கு. ஊசி ஏறுறப்ப நல்ல கால்ல பழத்த மிதிச்சிரணும். கெழக்க பாத்து உக்காரணும். எடது கைய நீட்டணும். என் கையில உள்ளது அம்புட்டும் பழத்துக்குப் போயிரும்."

நாற்காலி கிழக்கைப் பார்த்துத்தான் கிடந்தது, ஃபேன் அந்தப் பக்கம் இருந்ததால். நல்ல கால் என்று நான் சொன்னது மட்டும் மருத்துவம். புண்ணில் எலுமிச்சைச் சாறு பட்டால் மனிதன் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடுவானே.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லக்கா?" என்றான், நியாயமான வருத்தத்தோடு.

மெஷின் தலையிலிருந்து பழத்தை எடுத்துத் தரையில் வைத்தேன். முத்திருளன் உட்கார்ந்தான். கண்ணை மூடினான். ஊசி ஏறியதும் பழம் நசுங்கியது. மணம் அறை முழுக்கப் பரவியது. டியூபில் கருஞ்சிவப்பாக இரத்தம் ஏறியபோது ஈஸ்வரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை ஓட்டினேன். அது மாறவில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். மாட்டேன் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். "பழத்த மிதிச்சாச்சுல்ல, இனி பயமில்லை" என்று அவனே எழுந்து நடந்தான்.

சுண்டுவிரலை மட்டும் எடுத்தார்கள். கால் தப்பிவிட்டது.

பரவிய கதை

புண் ஆறி, வண்டி ஓட்டத் தொடங்கிய பிறகு முத்திருளன் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு படியேறி வந்தான்.

"பழத்த மட்டும் மிதிக்கலேன்னா காலே போயிருக்கும்க்கா. பழத்துக்குப் போனது போக மிச்சம், ஒரு வெரல்தேன் போச்சு."

நான் வாயைத் திறந்தேன். தம்பி, உன்னைக் காப்பாற்றியது பரிசோதனை, டாக்டர், மருந்து, உன்னை இழுத்துக்கொண்டு வந்த இந்தப் பெண் என்று சொல்ல வந்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் நின்ற ஈஸ்வரி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மாத்திரையைத் தவறாமல் போடுகிறானாம். பழம் மிதித்தவர்கள் மாத்திரையை விடக் கூடாது என்று அவள் சொல்லிவைத்திருக்கிறாள். என்னை விடக் கெட்டிக்காரி. வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு அவனியாபுரம் ஸ்டாண்டே வந்தது. ஆளுக்கொரு பழத்தோடு வந்தார்கள். போஸ்டர் ஒட்டியும் இலவச முகாம் நடத்தியும் வராதவர்களெல்லாம் வந்து இடது கையை நீட்டினார்கள். நான் சொல்லாத விதிகளும் தானாக முளைத்தன. வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு பழம். விதை தெறித்தால் கொழுப்புக் கூடும். காய் மிதித்தால் பலிக்காது, பழுத்ததாக இருக்க வேண்டும். இதையெல்லாம் எனக்கே சொல்லிக் கொடுத்தார்கள். இது எங்கே தொடங்கியது என்று சும்மா ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். "அந்தக் காலத்துல இருந்தே இருக்கும்மா" என்றார். அல்வாக் கடைக்காரர் கல்லா பக்கத்தில் ஒரு கூடைப் பழம் வைத்துவிட்டார்.

லீவு முடிந்து எப்போதோ வந்துவிட்டிருந்த மெகர், வழுக்கும் தரையைத் துடைத்துக்கொண்டே ஒருநாள் கேட்டாள். "ஏன்க்கா, எங்கிட்ட யாரும் வர மாட்டேங்குறாங்களே. எங்கைக்கும் ஒரு பழம் சொல்லக் கூடாதா?"

அப்பா வந்த காலை

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் அப்பா மேலூர் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தார். இரவில் அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, நாக்கு வறண்டுபோகிறது என்று போனில் சொல்லியிருந்தார். அன்றைக்கு ஸ்டாண்டு ஆட்கள் சிலரும் பெஞ்சில் இருந்தார்கள். முத்திருளனும் அடுத்த பரிசோதனைக்கு வந்திருந்தான்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்ததும் முத்திருளன் ஓடிவந்து ஒரு பழத்தை அவர் காலடியில் வைத்தான். "மிதிங்கய்யா. எங்கக்கா கை ஆகாத கை. மிதிச்சுட்டா ஒண்ணும் பண்ணாது."

அப்பா பழத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத யாரு ஆரம்பிச்சது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாந்தேன்ப்பா."

திட்டுவார் என்று நினைத்தேன். புளியமரத்துக்குப் பின்னால் நின்றவரின் மகள், இன்னொரு சகுனத்தைக் கிளப்பிவிட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவர் கண்ணில் சிரிப்பு வந்தது.

"பரவால்லயே. இம்புட்டுக் காலம் அவுக சொன்னதுக்கு நாம ஒதுங்குனோம். இப்ப நீ சொல்லுறதுக்கு ஊரு மிதிக்குதா?"

குனிந்து பழத்தை எடுத்தார். முத்திருளன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வலது சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டு, விதை நெல் தூவிய அந்தக் கையை என் முன்னால் நீட்டினார்.

"எம்மக கை எனக்கு ஆகும். குத்து தாயி."

எனக்குக் கண் மறைத்தது. நரம்பைத் தடவித்தான் கண்டுபிடித்தேன். அவர் முகம் சுளிக்கவே இல்லை.

ரிசல்ட் வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை. கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே.

முத்திருளன்தான் முதலில் பேசினான். அவன் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. "அப்பவே சொன்னேன்லங்கய்யா, மிதிங்கன்னு."

அப்பா சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். "ஊருல நான் எதிர வந்தா ஆகாதும்பாக. மதுரையில எதிர வரவே வேணாம் போல, சும்மா உக்காந்தாலே போதும்" என்றார். அவருக்கு மாத்திரை எழுதி வாங்கிக் கொடுத்து, மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமைகூட இல்லை. காலையில் லேப் கதவைத் திறந்தேன். படியில் நின்றிருந்த ஒவ்வொருவர் கையிலும் இரண்டிரண்டு பழம் இருந்தது.